போகாத டில்லியிலிருந்து வாங்கி வந்தவை

டில்லிக்குப் போகிறவர்கள் ஊருக்கு என்ன வாங்கி வரலாம் என்று என்னிடம் கேட்டால் ஒரு மணி நேரம் விடாமல் பேசுவேன். எந்தச் சாமான் பெட்டிக்குள் உடையாது, எது பார்க்கப் பெரிதாகவும் விலையில் சிறிதாகவும் இருக்கும், எதைக் கையில் வாங்கியதும் எதிராளி "அட, டில்லி!" என்று வாயைப் பிளப்பார், எல்லாம் எனக்கு அத்துப்படி. இந்த விஷயத்தில் எங்கள் பிளாக்கிலேயே என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர் எடுத்தவள் நான். டில்லிக்கு நான் போனதே இல்லை என்பது ஒன்றுதான் குறை.

இது எண்பதுகளின் பின்பாதியில் நடந்தது. எனக்குக் கல்யாணமாகி மூன்றாவது வருஷம். வீட்டுக்காரருக்கு ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் கீழே நாலு, மாடியில் நாலு என்று எட்டு வீடுகள். சேலத்துக்காரர், நாகர்கோவில்காரர், வேலூர்க்காரர் என்று ஆளுக்கொரு ஊர். நாங்கள் மதுரைப் பக்கம். யார் வீட்டில் என்ன குழம்பு என்பது எட்டு வீட்டுக்கும் தெரியும்.

அந்தக் காலத்தில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை எல்.டி.சி. என்று ஒன்று உண்டு. குடும்பத்தோடு நாட்டில் எந்த மூலைக்கு வேண்டுமானாலும் போய் வரலாம், பயணச் செலவை அரசாங்கம் தரும். எல்.டி.சி. போகிறவர்கள் சத்தமில்லாமல் போய்விட முடியாது. போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து "எங்களுக்கு ஒண்ணும் வாங்கிட்டு வந்துடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கு அர்த்தம், மறந்துவிடாதே என்பது. திரும்பி வந்ததும் மற்ற ஏழு வீட்டுக்கும் ஏழு சாமான் போயாக வேண்டும். அது அந்தந்த வீட்டு ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் உட்கார்ந்துகொள்ளும். "இது மாடி வீட்டுக்காரங்க காஷ்மீர்", "இது கோடி வீட்டுக்காரங்க ஜெய்ப்பூர்" என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் காட்டுவார்கள். என் வீட்டு ஷோகேஸில் எல்லாருடைய ஊரும் இருந்தது. யார் வீட்டு ஷோகேஸிலும் எங்கள் ஊர் ஒன்றும் இல்லை. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் முறை வந்தபோது வீட்டுக்காரர் வேறு ஒரு யோசனையோடு வந்தார். வேப்பம்பட்டில் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மனை வந்திருக்கிறது. எல்.டி.சி. முன்பணத்தை அதற்கு அட்வான்ஸாகக் கட்டிவிடலாம். டிக்கெட், பில் எல்லாம் தயார் செய்து தர ஆள் இருக்கிறார். நாம் பத்துப் பன்னிரண்டு நாள் கண்ணில் படாமல் எங்கேயாவது இருந்துவிட்டு வந்தால் போதும்.

"ஊரே செய்யுது. நாம மட்டும் அரிச்சந்திரனா?" என்றார்.

தப்பு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது என்ன தெரியுமா? "அப்போ ஏழு வீட்டுக்கும் சாமானுக்கு என்ன பண்றது?"

ஒளிந்துகொள்ள இடம் என் அண்ணன் வீடு. பூந்தமல்லிக்கு இந்தப் பக்கம் நூம்பலில் அப்போதுதான் கட்டிக் குடி போயிருந்தார்கள். சுற்றிலும் வயல், நடுநடுவே நாலைந்து வீடு. ஆவடியிலிருந்து காக்கை பறக்கிற தூரம்தான். ஆனால் தொழிற்சாலைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்க மாட்டார்கள். எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. இருந்திருந்தால் திட்டம் முதல் நாளே சந்தி சிரித்திருக்கும்.

எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும், எதிர்வீட்டு அக்கா மட்டும் வராமல் இருந்திருந்தால்.

அக்கா பெரம்பூர்க்காரர். வேதக்கார வீடு, ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசை தவறினால் அன்று முழுக்க முகம் வாடிக் கிடக்கும். அவர் வீட்டுக்காரர் என் வீட்டுக்காரர் இருந்த செக்‌ஷனிலேயே மேலதிகாரி. பென்சில் ஒன்றைக்கூடத் தொழிற்சாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வராத மனிதர். புதிதாக வந்த எனக்கு மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும், எந்த மீன்காரியை நம்பலாம் என்று சொல்லிக் கொடுத்ததெல்லாம் அக்காதான். பதிலுக்கு நான் அவருக்குச் செய்தது ஒன்றே ஒன்று. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. டில்லியில் கட்டிக்கொடுத்திருந்த ஒரே மகளுக்கு அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன். அவள் எழுதுவதைப் படித்துக் காட்டுவேன். வீட்டுக்காரரும் படித்துக் காட்டுவார்தான். "அது தந்தி படிக்கிற மாரி படிக்கும்மா. நீ படிச்சாதான் எம்பொண்ணு பேசுற மாரி கீது" என்பார் அக்கா. எனக்குப் பெருமை தாங்காது. ஏற்ற இறக்கத்தோடு, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, நாடகக்காரி தோற்றாள்.

அந்த வருஷம் மகளுக்கு ஐந்தாம் மாதத்தில் கரு கலைந்து போயிருந்தது. அக்கா வீட்டு எல்.டி.சி. அதற்கு முந்தின வருஷமே வேளாங்கண்ணிக்குப் போய்வந்ததில் தீர்ந்திருந்தது. அவர் வீட்டுக்காரர் அப்போதுதான் ஆபரேஷன் செய்துகொண்டு எழுந்திருந்தார். மருமகனுக்கோ லீவு கிடைக்கவில்லை. ஆக, தாய் போகவும் முடியவில்லை, மகள் வரவும் முடியவில்லை. மகளிடமிருந்து கடிதம் மட்டும் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொன்றிலும் நலம், நலமறிய ஆவல்.

நாங்கள் டில்லி போகிறோம் என்று செய்தி பரவிய அன்று மாலையே அக்கா வந்துவிட்டார். மற்றவர்களைப் போல ஒன்றும் வாங்கி வராதே என்று சொல்லவில்லை.

"இன்னாம்மா, டில்லிக்கா போறீங்க? எனுக்கு ஒண்ணே ஒண்ணு மட்டும் அங்கேர்ந்து கொண்டா" என்றார்.

"சொல்லுங்கக்கா" என்றேன். மனசுக்குள் பளிங்குச் சாமானா, சால்வையா என்று கணக்குப் போட்டாயிற்று.

"எம்பொண்ண ஒரு தபா கண்ணால பாத்துகினு வந்து, எப்டி கீறான்னு சொல்லு. லெட்டர்ல எல்லாரும் நலமாத்தான் கீறாங்க. நீ மூஞ்சியப் பாத்தா கண்டுபுடிச்சிடுவ. வேற ஒண்ணும் வாணாம்."

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குத் தெரிந்தால் அவர் வீட்டுக்காரருக்குத் தெரியும். பென்சில்கூட எடுக்காத மனிதருக்கு இது தெரிந்தால் என் வீட்டுக்காரரின் வேலை என்ன ஆகும்? "அதுக்கென்னக்கா, போகாமலா இருப்போம்?" என்றேன். அதோடு விட்டேனா? மகளுக்குத் தகவல் எழுத வேண்டுமே. அக்கா சொல்லச் சொல்ல நானே எழுதினேன். எதிர்வீட்டு அக்கா (மகளுக்கு அக்கா நான்) வருகிறார், பார்சல் கொண்டு வருகிறார், வியாழக்கிழமையிலிருந்து எந்த நாளும் வரலாம். எங்கள் கெட்டிக்காரத்தனத்துக்குக் குறைச்சல் இல்லை. கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்தேன். ஸ்டேஷனுக்கு வந்து அலைய வேண்டாம், அவர்களே விலாசம் கேட்டு வீட்டுக்கு வந்துவிடுவார்கள். மூடிய கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டதும் நான்தான்.

புறப்படும் நாளன்று அக்கா ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார். அச்சு முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், அடியில் நாலு சுற்றுப் பேப்பரில் நெத்திலிக் கருவாடு. மகளுக்குக் கருவாடு என்றால் உயிராம். டில்லியில் அது கிடைக்கிறதோ இல்லையோ என்று காசிமேட்டுக்கே ஆள் அனுப்பி வாங்கி வரச் சொன்னாராம். பிளாக்கே ஆவடி ஸ்டேஷனுக்கு வந்து கையசைத்து வழியனுப்பியது. நாங்கள் பெட்டியும் டின்னுமாக சென்ட்ரல் வண்டியில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, பூந்தமல்லி ரோட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடித்து, வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பலுக்கு வெயிலில் நடந்தோம். பெட்டியின் மேல் 'நியூ டெல்லி' என்று வீட்டுக்காரர் பெயிண்டில் எழுதியிருந்தார். வரப்பில் எதிரே வந்த ஒரு பெரியவர் அதைப் படித்துவிட்டு எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நூம்பலில் எங்கள் டில்லி வாசம் ஆரம்பமாயிற்று. பகலில் வாசலுக்கு வரக் கூடாது. கடைக்குப் போக வேண்டுமானால் அண்ணன்தான் போக வேண்டும். வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு டில்லி வழிகாட்டிப் புத்தகத்தைத் தேடிப் பிடித்து வந்து பரீட்சைக்குப் படிப்பது போலப் படித்தார். செங்கோட்டைக்குள் நுழைந்தால் இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன என்று என்னிடம் கேள்வி கேட்பார். தப்பாகச் சொன்னால் கோபம் வேறு வரும். அண்ணிக்கு நாங்கள் வந்ததிலிருந்தே கொண்டாட்டம். "டில்லிக்காரம்மா, கொஞ்சம் வெங்காயம் உரிச்சுத் தர்றீங்களா?" என்பார். "குதுப்மினார்லேர்ந்து இறங்கியாச்சுன்னா சாப்பிட வாங்க" என்று மொட்டை மாடியில் நிற்கும் வீட்டுக்காரரைக் கூப்பிடுவார். அவருக்கு ரோஷம் வந்து ஒரு வேளை சாப்பிடவில்லை. மறுவேளை சாப்பிட்டார்.

டின்னை என்ன செய்வது என்பதுதான் முதல் பிரச்சினை. தபாலில் அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தோம். தபால் ஆபீஸ் குமாஸ்தா டின்னை வாங்கி, முகர்ந்து பார்த்து, ஒரு முழ தூரத்தில் தள்ளி வைத்தார். கருவாட்டை எடுத்துவிட்டு வந்தால் பார்சல் போகும், இல்லாவிட்டால் போகாது என்றுவிட்டார். அண்ணன் டின்னைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். கருவாட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு மற்றதை மட்டும் மறுபடி கட்டி அனுப்பினோம். எடுத்து வைத்த கருவாடு இரண்டு நாள் சமையலறை ஆணியில் தொங்கியது. தூக்கிப் போட யாருக்கும் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் அண்ணி அதைக் கத்தரிக்காயோடு போட்டுக் குழம்பு வைத்தார். நல்ல கருவாடு. நானும் சாப்பிட்டேன். இரண்டாம் தடவை சோறு வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு சாமான் வாங்கும் படலம். வீட்டுக்காரரை வீட்டிலேயே விட்டுவிட்டு நானும் அண்ணியும் கிளம்பினோம். முக்காட்டைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஐயப்பன்தாங்கல் டிப்போவுக்குப் போய் பாரிமுனைக்கு பஸ் ஏறினோம். கொதிக்கிற வெயிலில் முக்காடு போட்ட பெண்ணை பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. கண்ணில் படாமல் இருக்க நான் கண்டுபிடித்த வழி அப்படி.

இரண்டு நாள் அலைந்தோம். உண்மையில் டில்லி போயிருந்தால்கூட இவ்வளவு பார்த்துப் பார்த்து வாங்கியிருக்க மாட்டேன். ஒரு பொருள் டில்லியில் கிடைக்குமா என்பது எனக்கு முக்கியமில்லை. அதைப் பார்த்தால் ஆவடிக்காரர்களுக்கு டில்லி ஞாபகம் வருமா என்பதுதான் கேள்வி. இந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் மயில் படம் போட்டது எல்லாம் டில்லி, கண்ணாடித் துண்டு தைத்தது எல்லாம் டில்லி, வெள்ளைக் கல்லில் செய்தது எல்லாம் டில்லி. சேலத்துக்காரர் வீட்டுக்குக் கண்ணாடி வேலைப்பாடு செய்த பை. வேலூர்க்காரர் வீட்டுக்கு மயில் போட்ட ஊதுவத்தி ஸ்டாண்டு. நாகர்கோவில்காரர் வீட்டில் கணவன் மனைவி இருவருமே கறாரானவர்கள். எதையும் திருப்பிப் பார்த்து, தட்டிப் பார்த்து, என்ன விலை என்று மனசுக்குள் எழுதிக்கொள்வார்கள். அவர்களுக்கு உள்ளே பல்பு எரிகிற தாஜ்மகால்.

தாஜ்மகால் கடைக்காரரிடம் நான் விட்ட கேள்விகளை அண்ணி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்.

"இது நிஜமாவே அங்கேர்ந்து வந்ததுதானே?" என்றேன்.

"ஆமாம்மா, ஆக்ரா சரக்கு."

"பார்த்தா அங்கேர்ந்து வாங்கிட்டு வந்த மாதிரி இருக்குமா?"

கடைக்காரர் என் முக்காட்டையும் முகத்தையும் பார்த்தார். "நீங்க எங்கேர்ந்து வாங்கிட்டுப் போறதா இருக்கீங்கம்மா?"

அண்ணி என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தாஜ்மகாலின் அடியில் ஒட்டியிருந்த கடை லேபிளை அன்று மாலை மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து எடுத்தேன். சௌகார்பேட்டையில் வடநாட்டு மிட்டாய்க் கடையில் பூசணிக்காய் பேட்டா வாங்கி, கடைப் பெயர் போட்ட அட்டைப்பெட்டியைக் கிழித்தெறிந்துவிட்டு வெறும் பெட்டியில் மாற்றிக் கட்டினேன். ஒவ்வொன்றையும் படுக்கையில் பரப்பி வைத்துப் பார்த்தபோது எனக்கே டில்லிக்குப் போய்வந்த களைப்பு வந்துவிட்டது.

அக்காவுக்கு என்ன வாங்குவது? அதில்தான் என் மூளை உச்சத்துக்குப் போனது. அவர் சாமான் கேட்கவில்லை. மகளைப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அம்மா பார்சல் கொடுத்தனுப்பினால் எந்த மகள் சும்மா இருப்பாள்? பதிலுக்கு ஏதாவது கொடுத்தனுப்பத்தானே செய்வாள்? அதைக் கொண்டு போகாவிட்டால் சந்தேகம் வராதா? ஆகவே மகள் இடத்தில் என்னை வைத்துக்கொண்டு யோசித்தேன். கடை கடையாக ஏறி, அரக்கு நிறத்தில் ஓரத்தில் பூ வேலை செய்த கம்பளிச் சால்வை ஒன்றை எடுத்தேன். மற்ற ஆறு சாமானையும்விட அதுதான் நன்றாக இருந்தது. இந்த மாதிரி ஒன்றை நான் என் அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்ததில்லை.

பன்னிரண்டாம் நாள் திரும்பினோம். வரப்பிலும் மொட்டை மாடியிலும் பட்ட வெயிலில் கறுத்திருந்தோம். "பாவம், டில்லி வெயில்!" என்றார்கள். சாமான்கள் வீடு வீடாகப் போயின. நாகர்கோவில்காரர் தாஜ்மகாலைத் திருப்பினார், தட்டினார், பல்பைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். "சாமான் எடுக்கத் தெரிஞ்ச கை" என்றார் அவர் மனைவி. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா கடைசியில்தான் வந்தார். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்திருக்கிறார். நாற்காலியில் உட்காரவில்லை, என் எதிரே தரையில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"பாத்தியா?"

"பார்த்தேன்க்கா. நல்லா இருக்கா. கன்னமெல்லாம் உப்பி, நல்லா சதை போட்டிருக்கா. ஆளே மாறிட்டா."

"நெசமாவா?"

"சிரிச்சுக்கிட்டே இருக்கா. எங்களை விடவே மாட்டேன்னுட்டா. இதை உங்ககிட்ட குடுக்கச் சொன்னா."

சால்வையைக் கொடுத்தேன். அக்கா அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. அப்படியே முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவே இல்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டும். லேபிளை எடுத்தோமா என்றுதான் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பூசைக்குப் போனார். தார் ரோடு இளகுகிற வெயில். கழுத்தெல்லாம் வியர்வை வழிய, வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் "எம்பொண்ணு டில்லிலேர்ந்து குடுத்தனுப்பிச்சுது" என்று சொல்லிக்கொண்டே போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக, சாப்பிட உட்கார்ந்தபோது சோறு இறங்கவில்லை.

பத்து நாள் கழித்து மகளிடமிருந்து கடிதம் வந்தது. மதிய நேரம். ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அக்கா பிரிக்காத கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார்.

"உன்னப் பத்திதாம்மா எழுதி இருப்பா. படி."

கடிதம் வரும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். யோசித்தோம். வந்தால் என் கைக்குத்தானே வரும், படிக்கப் போவது நான்தானே, சமாளித்துக்கொள்ளலாம் என்று நான்தான் வீட்டுக்காரருக்குத் தைரியம் சொன்னேன். மாலையில் அக்காவின் வீட்டுக்காரரும் அதே கடிதத்தை எடுத்துப் படிப்பாரே என்பது இந்தப் புத்திசாலிக்கு உதிக்கவில்லை.

பிரித்தேன். மேலே "இயேசு மரி சூசை" என்று போட்டு, இரண்டு பக்கமும் எழுதியிருந்தாள்.

"அன்புள்ள அம்மாவுக்கு, நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்தேன். அடுத்த வரியைக் கண் பார்த்தது. வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "அக்கா வந்துட்டுப் போனது ரொம்ப சந்தோஷம்."

"பாத்தியா, நான் சொல்லல?" என்றார் அக்கா.

"டில்லியில் வெயில் அதிகம். அப்பா உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்."

"அப்பறம்?"

"அவ்வளவுதான்க்கா."

அக்கா குனிந்து கடிதத்தைப் பார்த்தார். "அத்தினி எழுத்து கீது, இத்தினிதானா? நல்லாப் பாரும்மா. நீ பாத்துட்டு வந்ததுலேர்ந்துதான் எனுக்கு ராத்திரில தூக்கமே வருது. பொறுமையாப் படி."

பக்கத்தைத் திருப்பினேன். இன்னும் நாலு வரி கட்டிச் சொல்ல என்னால் முடிந்திருக்கும். ஆனால் அடியில் அவள் எழுதியிருந்த ஒரு இடம் கண்ணில் பட்டது. அதைத் தாண்டிப் போக எனக்கு நாக்கு எழவில்லை. முதல் பக்கத்துக்குத் திரும்பி, முதல் வரியிலிருந்து, இருந்ததை இருந்தபடி படித்தேன்.

"அம்மா, நீ எழுதியபடி அக்கா வருவார்கள் என்று வியாழக்கிழமையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஆபீஸ் போன பிறகு கதவைச் சாத்தவே இல்லை. பக்கத்து வீட்டு அம்மாவிடம் கோழி வாங்கித் தரச் சொல்லி, இரண்டு நாள் சமைத்து வைத்தேன். தேடி வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துத் திரும்பிவிடப் போகிறார்களே என்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் போகவில்லை. யாரும் வரவில்லை. பிறகு பார்சல் தபாலில் வந்தது. முறுக்கு தூளாகிவிட்டது. கருவாடு இல்லை, பரவாயில்லை. அக்காவுக்கு ஏதாவது உடம்புக்கு ஆகிவிட்டதா? உடனே எழுதவும். அக்கா வந்தால் உன்னிடம் ஒரு விஷயம் சொல்லச் சொல்லி அனுப்பலாம் என்று இருந்தேன். அதைக் கடிதத்தில் எழுத முடியாது அம்மா. வாயால்தான் சொல்ல முடியும்."

அதற்கப்புறம் அன்பு மகள் என்று கையெழுத்து. வேறு ஒன்றும் இல்லை.

அக்கா யாரிடமும் எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்ன சொல்லிச் சமாளித்தாரோ, அவர் வீட்டுக்காரர் ஒருநாளும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டுக்காரரின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, வேப்பம்பட்டு மனையும் எங்களுக்கே ஆயிற்று. அதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் நான் எதிர்பார்த்தது கன்னத்தில் ஓர் அறை. அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"நீ டில்லிக்கே போவலியா?" என்றார்.

"போகலக்கா."

"அப்ப அத்தினி நாளு எங்க இருந்தீங்க?"

"நூம்பல்ல."

"நூம்பல்லயா" என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்தின் மேல் கட்டை விரலை வைத்து மெல்ல நகர்த்தினார்.

"இன்னா சொல்லணும்னு இருந்தாளாம்?"

"அதை எழுதலக்கா."

அக்கா விரலை எழுத்திலிருந்து எடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். கோபமாக இல்லை. இன்னும் ஏதோ ஒரு வழி மிச்சம் இருக்கிறதா என்று தேடுகிறவர் போல இருந்தார்.

"கன்னம் உப்பி, நல்லா சதை போட்டுகினு கீறான்னு சொன்னியே. அத்த யார்னா பாத்து உன் கையில சொன்னாங்களா?"

"இல்லக்கா" என்றேன். "நானாத்தான் சொன்னேன்."

அக்கா தலையை ஆட்டினார். கடிதத்தைத் திரும்ப என் கையில் வைத்தார்.

"அந்தக் கடைசி எடத்த மட்டும் இன்னொரு தபா படி" என்றார்.

படித்தேன்.